பதினோரு மணித் துண்டு

பெட்டியைத் திறந்தது அவர்தான். அந்தப் பழியை நாய் மேல் போட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்று நாளாக நசநசவென்று தூறல். கொடியில் கிடந்த துணி எதுவும் காயாமல் வீடு முழுக்க ஈர வாடை அடித்தது. மனைவி போய் ஏழு மாதம். அம்மாவின் துணிகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று வெளியூரில் இருக்கும் மகள் வாராவாரம் போனில் சொல்வாள். அவரும் வாராவாரம் "பாக்கலாம்மா" என்பார். அன்றைக்கு என்ன தோன்றியதோ, காபியைக் குடித்த கையோடு கட்டிலுக்கடியில் இருந்த அவளுடைய பெட்டியை இழுத்தார். பூட்டியிருந்தது. அவள் சாவிக்கொத்தில் இருந்த சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஆறாவது சேர்ந்தது.

மேலே இரண்டு ஸ்வெட்டர். அதன் கீழே மகள் குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகள். ஓரத்தில் ஒரு துணிப்பை, வாய் இறுகக் கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சு. அதைத் தொடுவதற்குள் போன் அடித்தது. லேபிலிருந்து. அடுத்த தெருவில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு உடனே ரத்தம் எடுக்கணுமாம். பெட்டியைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குடையோடு கிளம்பினார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருட வேலை. காலை ஆறரைக்கு வெறும் வயிற்றுக்காரர்களில் ஆரம்பித்தால் பத்து மணி வரை வீடு வீடாகப் போவார். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, "கையை மூடுங்க, அந்தப் பக்கம் பாருங்க, அவ்வளவுதான்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் குழாயில் ரத்தம் நிறைந்திருக்கும். குழந்தைகூட அழாது. தெருவில் எல்லாருக்கும் அவர் ஊசிக்காரர். பேர் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டில்கூடத் தெரியாது.

மனைவிக்குச் சர்க்கரை வந்த பிறகு வீட்டிலும் அதே வேலைதான். பதினோரு வருடம், தினமும் காலையில் அவள் விரலில் ஒரு குத்து. நம்பரை நோட்டில் எழுதுவார். கூடினால் கேள்வி. "நேத்து என்ன சாப்பிட்டே? எத்தனை மணிக்கு? நடந்தியா?" அவள் விரலைச் சப்பிக்கொண்டே சொல்வாள்: "இந்த வீட்டுல என் விரலுக்குத்தான் வேலை ஜாஸ்தி." சர்க்கரை டப்பா அவருடைய அலமாரியில் இருந்தது. சோறு அவருடைய கிண்ணத்தால் அளந்தது. அவளை நல்லபடியாக வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு ஒரு நிறைவு உண்டு. கடைசியில் அவள் போனது சர்க்கரையால் இல்லை என்று டாக்டர் சொன்னார். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் சரிந்தாள். இதயம். அன்றைய நம்பர் நூற்றுப் பதினெட்டு, நோட்டில் இருக்கிறது.

நாய் அவளுடையது. யாரோ செய்தித்தாளில் சுற்றி வாசலில் போட்டுவிட்டுப் போன குட்டியை உள்ளே எடுத்து வந்து "பொட்டலம்" என்று பேர் வைத்தாள். பழுப்பு நிறம், ஒரு காது எப்போதும் மடங்கியே இருக்கும், பத்து கிலோ எடை. பதினொரு வயதாகியும் குட்டிப் புத்தி போகவில்லை. ஊசிக்காரரோடு அதற்கு ஒட்டுதல் குறைவுதான். அவர் ஊசிப் பையைத் திறந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடும். அவள் போனபிறகு வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டார்கள். இப்போது ஒரு மாதமாக அவர் கால்மாட்டில் வந்து படுக்கிறது.

பெரியவருக்கு நரம்பு கிடைக்க நேரமாகிவிட்டது. நனைந்த குடையோடு அவர் திரும்பும்போது மணி பத்து. நாய் வாசலுக்கு வரவில்லை. அறையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. துணிப்பை கிழிந்து கிடந்தது. தரையெல்லாம் வெள்ளிக் காகிதத் துணுக்குகள்.

அவர் குனிந்து ஒரு அட்டையை எடுத்தார். சாக்லேட். கசப்பு ஜாஸ்தியாக இருக்கும் கறுப்பு வகை. முழுதாகப் பெரிய அட்டை ஒன்று மட்டும் ஸ்வெட்டருக்கடியில் தப்பியிருந்தது. பைக்குள் ஒரு பெரிய கவர் இருந்தது. அதைக் கவிழ்த்தார். வெள்ளிக் காகிதங்கள். ஒவ்வொன்றும் நகத்தால் நீவி, நாலாக மடித்து, சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டது. நூற்றுக்குக் குறையாது.

எதற்கு இதைச் சேர்த்து வைத்தாள் என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. வீட்டுக் குப்பைக் கூடையைத் தினமும் கொட்டுவது அவர்தான்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் சர்க்கரை நோட்டுகள் ஒன்பதையும் எடுத்து வந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். நூற்று எழுபத்து மூன்று. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னாள். நூற்றுத் தொண்ணூறு. சளி பிடித்திருக்கு, அதனால இருக்கும் என்று சொன்னாள். அந்த நூற்றுத் தொண்ணூறுக்காக ராத்திரிச் சோற்றை அவர் நிறுத்தினார். இன்னொரு நம்பருக்காக மழையில்கூட நடக்க அனுப்பினார். அவளும் மறுபேச்சுப் பேசாமல் போய் நனைந்துவிட்டு வந்தாள்.

"பதினோரு வருஷம்" என்றார் வாய்விட்டு. "பதினோரு வருஷம் என்னை முட்டாளாக்கியிருக்கே."

நாய் தண்ணீர்க் கிண்ணத்தை நக்கும் சத்தம் கேட்டது. காலியானதும் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டே அறைக்குள் வந்தது. எரிச்சலோடு எழுந்து ஊற்றினார். அதிலும் பாதியைக் குடித்தது. மூலையில் கொஞ்சம் வாந்தி எடுத்தது. தின்றதற்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தார், பழந்துணியைப் போட்டுத் துடைத்தார், நோட்டுக்குத் திரும்பினார். சாக்லேட் நாய்க்கு ஆகாது என்று எங்கேயோ காதில் விழுந்ததுண்டு. வயிறு கலக்கும் போலிருக்கிறது, வெளியே வந்துவிட்டால் சரியாகிவிடும் என்பதோடு அந்த நினைப்பு நின்றுவிட்டது. நாய் அறையைச் சுற்ற ஆரம்பித்தது. கட்டில், பெட்டி, கதவு. கட்டில், பெட்டி, கதவு. நகம் தரையில் தட்டும் சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

பன்னிரண்டரைக்கு மகள் போன் செய்தாள். எப்போதும் கூப்பிடும் நேரம்.

"சாப்டீங்களாப்பா?"

"உங்கம்மா பண்ணின காரியம் தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. பெட்டி, பை, முடிச்சு, வெள்ளிக் காகிதம், நூற்றுத் தொண்ணூறு, எல்லாம் கொட்டினார். "நான் என்ன அவளுக்கு எதிரியா? ஜெயில்லயா வச்சிருந்தேன்? கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்பீங்க" என்றாள் மகள். பிறகு, "இருங்க. பையை யார் கிழிச்சது?"

"அவ நாய்தான். இருந்ததெல்லாத்தையும் தின்னுட்டு நிக்குது."

"அப்பா, நாய் இப்ப எங்க?"

"இங்கதான் சுத்திக்கிட்டிருக்கு."

"அப்பா, நாய்க்குச் சாக்லேட் விஷம். கறுப்புன்னா ரொம்பக் கெடுதல். நோட்டைக் கீழ வைங்க. அது என்ன பண்ணுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். ஏதோ முதல்முறை பார்ப்பது போல இருந்தது. வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தது. பின்னங்கால் இரண்டும் நடுங்கின. கண் அகலமாக விரிந்திருந்தது. குனிந்து மார்பில் கை வைத்தார். ஆயிரக்கணக்கான நாடி பார்த்த விரல் அது. எண்ணவே முடியவில்லை. குலுக்கிய டப்பாவில் கல் உருள்வது மாதிரி ஓடியது.

அந்த நேரம் கதவைத் தட்டிக்கொண்டு மாடி வீட்டுத் தையலம்மா வந்தாள். கம்பெனிச் சீருடைகளை வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"அண்ணா, பொட்டலத்துக்கு உடம்பு சரியில்லையா? தினம் பதினோரு மணிக்கு மேல வரும். இன்னைக்கு வரலை" என்றவள், தரையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"சாக்லேட் தின்னுடுச்சும்மா."

"ஐயையோ. உப்பைக் கரைச்சு ஊத்துங்கண்ணா, கக்கிடும்." அவள் சமையலறைக்கு ஓடினாள்.

"யார் அது? உப்பு வேணாம்னு சொல்லுங்கப்பா" என்று போனில் மகள் கத்தினாள். "உப்பே இன்னொரு விஷம். பால், எண்ணெய் எதுவும் கொடுக்க வேணாம். நான் டாக்டர் நம்பர் அனுப்பறேன். என்ன வகை, எவ்வளவு, எப்போ, நாய் எடை என்ன, நாலும் கேப்பாங்க. அட்டையைக் கையில எடுத்துக்கங்க."

கால்நடை டாக்டர் ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஆஸ்பத்திரி மாடியிலேயே குடியிருப்பதால் உடனே எடுத்தார். மகள் சொன்ன அதே நாலு கேள்வி.

"கறுப்பு. எண்பது கிராம்னு போட்டிருக்கு. எடை பத்து கிலோ."

"எத்தனை அட்டை தின்னுச்சு?"

அவருக்குத் தெரியவில்லை. கிழிந்த துணுக்குகளை ஒட்டிப் பார்க்கவா முடியும்? "எத்தனை இருந்ததுன்னு எனக்குத் தெரியாது டாக்டர். அது என் மனைவி வச்சது. அவ இப்ப இல்லை."

தையலம்மா உப்பு டப்பாவோடு கதவருகில் நின்றிருந்தாள்.

"நாலு" என்றாள். "கடைசியா நாலு வாங்கிக் கொடுத்தேன். பிரிக்கறதுக்குள்ள அவங்க போயிட்டாங்க. பெரிய அட்டை ஒண்ணும் கொடுத்தேன், அது இதோ முழுசா கிடக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான்ணா வாங்கிக் கொடுப்பேன்."

அதற்கு மேல் பேச நேரமில்லை. "நாலு, டாக்டர்" என்றார் போனில். உடனே கொண்டுவாங்க என்று பதில் வந்தது.

வாடகைக் கார் கிடைப்பதற்குள் பத்து நிமிடம். ஈரப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். போர்வைக்குள் அது வெட்டி வெட்டி இழுத்தது. கார்க் கண்ணாடியில் மழை வழிந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேகமெடுத்தார். தையலம்மா பக்கத்தில் உட்கார்ந்து நாயின் மடங்கிய காதை நீவிக்கொண்டே வந்தாள்.

"எத்தனை வருஷமா?" என்றார் அவர். பார்வை முன்னால் இருந்தது.

"நான் குடி வந்ததுலேருந்து. ஏழு வருஷம். அதுக்கு முன்னால யார் வாங்கிக் கொடுத்தாங்களோ தெரியாது."

"தினமுமா?"

"தினம் பதினோரு மணிக்கு நாயோட மேல வருவாங்க. ஒரே ஒரு சின்னத் துண்டு, நகம் அளவு. வாயில போட்டு மெல்லக்கூட மாட்டாங்க. அது கரையற வரைக்கும் பேசமாட்டாங்க. நான் மெஷினை நிறுத்திடுவேன். ‘சோறு அவர் சொல்ற அளவு, நடை அவர் சொல்ற நேரம், இந்தத் துண்டு மட்டும் என்னோடது’ம்பாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நானும் அதைச் சொன்னேண்ணா. ‘சொன்னா நோட்டுல எழுதிடுவார்’னாங்க."

நாயின் எச்சில் அவர் சட்டைக் கையை நனைத்தது.

"எனக்குப் பயந்து பெட்டியைப் பூட்டி வச்சிருக்கா" என்றார்.

"அதுக்கில்லைண்ணா. நீங்கதான் அவங்க பெட்டியைத் தொடமாட்டீங்களே. பூட்டினது இதுக்காக." நாயைக் காட்டினாள். "இதுக்கு விஷம்னு அவங்களுக்குத் தெரியும். தின்னு முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் இதைத் தொடுவாங்க. இது மூஞ்சியை மூஞ்சியைப் பாக்கும். ‘உனக்குக் கிடையாதுடா, உன்னையும் என்னையும் ஒரே ஆள்தான் கட்டி மேய்க்கிறார், நீயாவது நல்லா இரு’ன்னு சொல்லிச் சிரிப்பாங்க." சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றி, அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இரும்பு மேஜை, சுவரோரம் மருந்து அலமாரி, மருந்து நெடி. டாக்டர் காதில் கருவியை மாட்டி மார்பைக் கேட்டார். அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"எப்போ தின்னிருக்கும்?"

"ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில."

"நீங்க எப்போ பாத்தீங்க?"

"பத்து மணிக்கு."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று இருபது. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"இப்ப வாந்தி எடுக்க வைக்க முடியாது. இப்படி நடுங்கறப்ப மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஃபிட்ஸுக்கும் இதயத்துக்கும் மருந்து கொடுத்து, டிரிப் ஏத்தணும். நடுக்கம் அடங்கினா விஷத்தை உறிஞ்சற கரி மருந்து கொடுக்கலாம். முதல்ல நரம்பு கிடைக்கணும்."

நரம்பு கிடைக்கவில்லை. முன்னங்கால் முடியை மழித்து, டாக்டர் இரண்டு தடவை குத்தினார். கால் துள்ளித் துள்ளி ஊசி விலகியது.

"நான் பாக்கலாமா?" என்றார் அவர். "எனக்கு இதான் தொழில். மனுஷங்களுக்கு."

டாக்டர் ஒரு கணம் யோசித்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் ஒரு கையால் கால் மூட்டை அணைத்துப் பிடித்தார். இன்னொரு கைக் கட்டைவிரலால் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். துள்ளலுக்கும் துள்ளலுக்கும் நடுவே நூல் மாதிரி ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. "இங்க. நான் பிடிச்சிருக்கேன். இப்ப போடுங்க." ஊசி இறங்கியது. குழாயில் ரத்தம் எட்டிப் பார்த்தது. வாழ்நாளில் முதல்முறையாக அந்த நாய் அவர் கையிலிருந்து நழுவிப் போகப் பார்க்கவில்லை. "அவ்வளவுதான்டா" என்றார். "அந்தப் பக்கம் பாரு. அவ்வளவுதான்."

மூன்று மணிக்கு நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. கரி மருந்து குழாய் வழியே இறங்கியது. தையலம்மா எங்கேயோ போய் டீ வாங்கி வந்தாள். டீ ஆறி மேலே ஆடை படியும் வரை அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார். நாய் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. வால் நுனி இரண்டு தடவை மேஜையில் தட்டியது. பிழைத்துவிடும் என்று நினைத்தார். தையலம்மாவிடம்கூடச் சொன்னார்.

நாலரைக்கு மறுபடி இழுக்க ஆரம்பித்தது. மருந்து ஏற ஏற நிற்கும், மறுபடி வரும். நாலாவது தடவைக்குப் பிறகு டாக்டர் மார்பில் கருவியை வைத்து நீண்ட நேரம் கேட்டார். பிறகு அதைக் காதிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மணி ஐந்து நாற்பது.

அவர்தான் டிரிப் ஊசியை எடுத்தார். எடுத்த இடத்தில் பழக்க தோஷத்தில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுத்த வேண்டியதில்லை என்று யாரும் சொல்லவில்லை.

"டாக்டர், நான் பாத்த உடனே கொண்டுவந்திருந்தா?"

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். "அப்ப வாந்தி எடுக்க வச்சு முக்கால்வாசி வெளிய கொண்டுவந்திருக்கலாம். வயசான நாய், கட்டாயம் பொழைச்சிருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா நல்ல வாய்ப்பு இருந்தது. நீங்களும் மருத்துவத் தொழில்ல இருக்கறவர், உங்ககிட்ட மழுப்பக்கூடாது."

"மழுப்பாதீங்க" என்றார் அவர். "அது ரெண்டரை மணி நேரம் என்னைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. நான் என் பெண்டாட்டியோட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்."

குடியிருப்புக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, காவலாளியின் மண்வெட்டியை வாங்கிக் குழி வெட்டினார்கள். நனைந்த மண், வெட்ட வெட்டச் சரிந்தது. காவலாளி இரண்டு தடவை மண்வெட்டியைக் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. இடுப்பு ஆழம் வந்ததும்தான் நிறுத்தினார். பெட்டியிலிருந்த ஸ்வெட்டர்களில் ஒன்றைக் கொண்டுவந்து சுற்றி இறக்கினார். தையலம்மா அழுதாள்.

"நான் வாங்கிக் கொடுத்ததாலதானே" என்றாள்.

"இல்லம்மா. நீ கொடுத்தது அவளுக்கு."

மாடிப்படியில் பிரியும்போது அவள் தயங்கி நின்றாள். "அண்ணா, பொண்ணு கேட்டா, கொஞ்சம் முன்னாலதான் பாத்தேன்னு சொல்லிடுங்க. போனது போயிடுச்சு. அந்தப் பொண்ணும் வெளியூர்ல இருக்கு. எதுக்கு மனசைக் கஷ்டப்படுத்திக்கிட்டு? நான் சொல்ல மாட்டேன்."

அவர் தலையாட்டினார். சரி என்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது. காகிதங்களைப் பெருக்கிக் கூட்டினார். தண்ணீர்க் கிண்ணத்தில் பாதி தண்ணீர் இருந்தது. அதைக் கொட்ட மனம் வரவில்லை. ஓரமாக நகர்த்தி வைத்தார். கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"போயிடுச்சும்மா."

அவள் அழுதாள். அவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை அவள் கட்டிலில் படுத்த நாய் அது. அவர் காத்திருந்தார்.

"எல்லாம் பண்ணிட்டீங்கல்ல. உடனே கூட்டிட்டுப் போனீங்கல்ல. அதுக்கு மேல நம்ம கையில என்ன இருக்கு" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நல்லவேளை, நான் அந்த நேரம் கூப்பிட்டேன். நீங்க அப்பத்தான் பாத்தீங்களாப்பா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அது வாய் வரை வந்தது. அவளே எடுத்துக் கையில் கொடுக்கிறாள்.

"இல்லம்மா" என்றார். "பத்து மணிக்கே பாத்துட்டேன்."

"பத்து மணிக்கா?"

"பத்து மணிக்கு. பாத்துட்டு, நோட்டை எடுத்து வச்சு உங்கம்மாவைத் திட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ கூப்பிடற வரைக்கும். அது தண்ணி கேட்டுச்சு. வாந்தி எடுத்துச்சு. என் காலைச் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் தலையைத் தூக்கிப் பாக்கலை."

அவள் மூச்சு கேட்டது. பின்னால் எங்கேயோ ஒரு கதவு சாத்தும் சத்தம், ஒரு வண்டி போகும் சத்தம். ஏதாவது கேட்பாள், கத்துவாள் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இருந்தார். இரண்டு நிமிடம் இருக்கும். அதிகமாகக்கூட இருக்கலாம். போனை வைத்துவிட்டாளோ என்று ஒரு தடவை திரையை எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

"சாப்டீங்களா?" என்றாள் கடைசியில். குரல் யாரோ போல இருந்தது.

"இல்ல."

"காலையிலேருந்தா?"

"ம்."

"எதாவது சாப்பிடுங்க."

"சரிம்மா."

அவள் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. எழுந்து போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். ரொட்டி இருந்தது. அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து, அவளுக்குக் கேட்கட்டும் என்று, மேடை மேல் சத்தம் வரும்படி வைத்தார்.